மாற்று உயிரும் ஓர் உயிரே

நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி நுண்ணுயிர் ஆய்வுக்கூடமொன்றில் பணிபுரிகிறாள். அண்மையில் இல்லம் வந்தவள், "சுண்டெலிகளை விட்டுப் புழுக்களுக்கு மாறியிருக்கிறோம், டீச்சர். இது அஹிம்சை ஆகுமா?" என வினவினாள். விடை கூறுமுன் செய்தியை அறிவோம்.

1959ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர்களான ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர், விலங்குச் சோதனைக்கு மாற்றுதல், குறைத்தல், செம்மைப்படுத்துதல் என மூன்று நெறிகளை வகுத்தனர். முதல் நெறியைப் பின்பற்றி வந்ததே இம்முறை.

தேனடையின் மெழுகைத் தின்று வளரும் மெழுகு அந்துப்பூச்சியின் புழுவே இதற்குப் பயன்படுகிறது. ஏறத்தாழக் கால் கிராம் எடையுள்ள அதன் கடைசி இணைக் காலொன்றின் வழியே நோய்க்கிருமியை ஊசியால் செலுத்துவர். மனித உடலின் வெப்பமாகிய 37 டிகிரி செல்சியஸிலும் அது வாழும். அதன் குருதியணுக்கள் நம் வெள்ளணுக்களைப் போன்றே கிருமிகளை விழுங்கும். நோய் முற்றின் வெளிர்நிறப் புழு கறுத்து மடியும். மருந்து பெற்ற புழுக்கள் பிழைப்பின், அம்மருந்து மேலாய்வுக்குச் செல்லும்.

எனினும், நம்மைப்போல் எதிர்ப்பொருள் உண்டாக்கும் ஆற்றல் புழுவுக்கு இல்லை. ஆதலின் சுண்டெலிச் சோதனை முற்றும் ஒழியவில்லை. பயனற்ற மருந்துகள் முன்னரே கழிக்கப்படுவதால் குறைகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறை, சோதனைக்குள்ளாகும் முதுகெலும்பிகளையும் கணவாய் இனத்தையுமே காக்கிறது. அங்குப் பூச்சிக்கு அனுமதியும் வேண்டா, கணக்கும் வேண்டா. நம் ஆகமமோ புழுவை ஈரறிவு, எறும்பை மூவறிவு, வண்டை நாலறிவு என வரிசைப்படுத்தி, ஒன்றையும் விடாது எண்ணுகிறது. தேனடையில் வாழும் சிற்றுயிர்களை எண்ணியே தேனை விலக்கியவர் நாம்.

அதே வேளை, நிமோனியாவில் படுத்த நாம் எழுந்ததும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாலேயே. அதுவும் உயிர்களிடம் சோதிக்கப்பட்டு வந்ததன்றோ? ஆய்வாளரை மட்டும் பழித்து நாம் விலகி நிற்றல் நேர்மையன்று.

ஆதலின் அவளிடம் இவ்வாறு கூறினோம்: "இது ஹிம்சையைக் குறைத்தல், அஹிம்சை அன்று. இதனை இகழவும் வேண்டா, இத்துடன் நிற்கவும் வேண்டா. சட்டம் கேளாவிடினும், மடிந்த புழுக்களின் எண்ணிக்கையை நாள்தோறும் குறித்து வை. எண்ணினாலன்றி அடுத்த சோதனையில் குறைக்க இயலாது." கவனமின்மையே ஹிம்சைக்கு வேர் என்பது ஆசாரியர் காட்டிய நெறி.

வாசகர்கள் இவ்வினாவைத் தம் இல்லச் சிறார்க்கும் விடுத்து, அவர்தம் விடையைப் பொறுமையுடன் கேட்பாராக.