குளிர்நீரில் ஊறும் காப்பி: செய்முறையும் அளவும்

சென்ற கோடையில், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். சிறுநீர்த்தொற்றுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பி நான்கு நாள்களே ஆகியிருந்தன. நெஞ்சு படபடக்கிறது, இரவில் உறக்கமே இல்லை என்றார். இதய மின்வரைபடத்தில் அஞ்சத்தக்கது ஒன்றும் காணப்படவில்லை. காப்பி குடிப்பதுண்டா என்று வினவினோம். “அதை விட்டுப் பத்து நாளாச்சுங்கய்யா. உடம்புக்குச் சூடுன்னு நிறுத்திட்டேன். பேரன் குளிர்ச்சியா ஒண்ணு போட்டுக் குடுக்கிறான். அதைத்தான் மோர் மாதிரி ரெண்டு டம்ளர் குடிக்கிறேன்” என்றார். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன் போட்டுக் கொடுத்தது வேறொன்றுமில்லை; காப்பித்தூளை இரவு முழுதும் குளிர்நீரில் ஊறவைத்து வடித்த சாறுதான். பெரியவர் காப்பியை விட்டிருக்கவில்லை. முன்னைவிட மிகுதியாகவே குடித்து வந்தார். கேள்வியை இன்னும் விளக்கமாகக் கேளாதது எங்கள் குறையே.

‘கோல்டு புரூ’ என்ற பெயரில் இப்பானம் இன்று மதுரைக் கடைகளிலும் கிடைக்கிறது. இதைத் தமிழில் ‘ஊறல் காப்பி’ எனலாம்; ஆயினும் ‘ஊறல்’ என்றதும் நம் மக்களுக்கு வேறொரு சரக்கு நினைவுக்கு வருமாதலால், குளிர்நீர்க் காப்பி என்றே வழங்குவோம். செய்முறையும் நமக்கு முற்றிலும் புதியதன்று. இரவில் நீர் ஊற்றிவைத்துக் காலையில் பழைய சோறும் நீராகாரமும் உண்ட நாடு இது. கொதிநீர் சில நிமிடங்களில் செய்யும் வேலையைக் குளிர்நீர் பல மணி நேரத்தில் செய்கிறது. ஆனால் எல்லாவற்றையும் அது ஒன்றுபோல் இறக்குவதில்லை. கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்கள் சூட்டில்தான் நன்கு கரையும். காஃபீன் அப்படியன்று, நேரம் கொடுத்தால் குளிர்நீரிலும் பெரும்பகுதி இறங்கிவிடும். நாவுக்குக் கசப்புக் குறைகிறது. உடலுக்குக் காஃபீன் குறைவதில்லை. பெரியவர் ஏமாந்த இடம் இதுதான்.

இனிச் செய்முறை. மதுரைச் சமவெளியில் காப்பி விளைவதில்லை. ஆயினும் அண்மையிலேயே விளைகிறது. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களிலும், சிறுமலையிலும் காப்பித் தோட்டங்கள் உள்ளன. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. வறுத்து அரைத்துத் தரும் கடையில் சிக்கரி கலவாத அராபிக்கா கொட்டையைக் கேளுங்கள். ஃபில்டருக்கு அரைப்பதைவிடப் பரும்படியாக, ரவைப் பதத்தில் அரைக்கச் சொல்லுங்கள். மிக நைசான தூள் துணியை அடைத்துக்கொள்ளும். அடியில் வண்டலும் தங்கும்.

தூள் 60 கிராம், கொதிக்கவைத்து நன்கு ஆறிய குடிநீர் 600 மில்லி. ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் வேண்டா, சுவை கெடும். கண்ணாடிப் புட்டியிலோ எவர்சில்வர்ப் பாத்திரத்திலோ தூளை இட்டு நீரை ஊற்றி, தூள் முழுதும் நனையும்படி கிளறி மூடுங்கள். பாட்டி காலத்துப் பித்தளை ஃபில்டர் அழகானதுதான். ஆனால் ஈயப்பூச்சுத் தேய்ந்த பித்தளையில் புளிப்புத்தன்மையுள்ள சாற்றை இரவு முழுதும் வைத்தல் கூடாது. பாத்திரத்தைக் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். அடுப்படி மேடையில் வைத்து ஊறவிடுமாறு கூறும் செய்முறைகள் குளிர்நாட்டுக்குப் பொருந்தலாம். சித்திரை மாதத்து மதுரைக்குப் பொருந்தா. கொதிக்காத இச்சாற்றில் கிருமியைக் கொல்ல எதுவுமில்லை என்பதை மறத்தல் ஆகாது. மாலை ஆறு மணிக்கு ஊறவைத்தால் மறுநாள் காலை எட்டு மணிக்கு வடிக்கலாம்.

வடிப்பதற்குக் கொதிநீரில் அலசிய வெள்ளைத் துணி போதும். பிழியாதீர்கள், தானாக வடியட்டும். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்கள் அதன்பின் வடிதாளிலும் ஒருமுறை வடித்தல் நலம். காப்பிக் கொட்டையின் எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்னும் பொருள் தீய கொழுப்பை உயர்த்தவல்லது. உலோகச் சல்லடையைக் கடந்துவிடும் அதனைத் தாள் பெருமளவு தடுத்துவிடும். ஏறத்தாழ 480 மில்லி சாறு கிடைக்கும். மீதியைத் தூளே குடித்துவிடும். மூடிய புட்டியில் தேதி எழுதி ஒட்டிக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். நெடுநேரம் மின்சாரம் நின்று புட்டியின் குளிர்ச்சி போய்விட்டால் கொட்டிவிடுங்கள். சில ரூபாய்த் தூளுக்காகத் தயங்க வேண்டா.

அடுத்தது கணக்கு. அராபிக்காத் தூளில் காஃபீன் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவில் உண்டு. 60 கிராம் தூளில் ஏறத்தாழ 750 மில்லிகிராம். இதில் பெரும்பகுதி நீரில் இறங்குவதால், 100 மில்லி சாற்றில் 100 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கும் எனக் கொள்ளலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், ஒரு நாளைக்குக் காஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கின்றன. 250 மில்லி பிடிக்கும் டம்ளர் நிறையக் கலக்காமல் குடித்தால் ஒரு நாளின் உச்ச அளவு ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். பெரியவர் இரண்டு டம்ளர் குடித்தார். ரோபஸ்டாக் கொட்டையானால் இக்கணக்கு ஏறத்தாழ இரட்டிக்கும். சிக்கரியில் காஃபீன் இல்லை. ஆனால் நிறம் கறுப்பாகும். ஆதலால் நிறத்தைக் கண்டு வீரியத்தை மதிப்பிடலாகாது.

நலமாய் இருப்பவர்க்கு நாங்கள் சொல்லும் அளவு: சாறு 60 மில்லி, அதனுடன் குளிர்ந்த பாலோ நீரோ 90 மில்லி. காலையில் ஒன்று, வேண்டுமானால் நண்பகலுக்குள் மற்றொன்று. உடலில் புகுந்த காஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். கருவுற்ற மகளிர்க்கு இன்னும் நீளும். அவர்கள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டும். அந்தப் பெரியவர்க்குத் தொற்றுக்காகக் கொடுக்கப்பட்டிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையும் காஃபீன் கழிவதைத் தாமதப்படுத்தும் இயல்புடையது. குடித்தது மிகுதி, கழிந்தது குறைவு. படபடப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

வயிற்றுப் புண்ணுக்கு இது நல்லது என்ற பேச்சும் உலவுகிறது. 2018-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர ஆய்வாளர்கள் இருவகைக் காப்பியையும் ஒப்பிட்டனர். மொத்த அமிலப் பொருள்கள் குளிர்நீர்க் காப்பியில் குறைவு. ஆனால் புளிப்பின் அளவான பி.எச். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. சிலர் வயிற்றுக்கு இதமாயிருக்கிறது என்பர், அதை மறுக்கவில்லை. மருந்தாக மட்டும் கருதாதீர்கள். எதுக்களிப்பு உள்ளவர்கள் வெறும் வயிற்றில் எந்தக் காப்பியையும் தவிர்ப்பதே முறை.

இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்கள் அதனைக் காப்பியோடு விழுங்கலாகாது. உணவுக்கும் காப்பிக்கும் இடையேயும் ஒரு மணி நேரம் விடுங்கள். தைராய்டு மாத்திரை உண்பவர்கள் அதன்பின் ஒரு மணி நேரம் காத்திருங்கள். சிறுநீரக நோயாளர்க்கு இதுவும் அன்றைய நீர்க்கணக்கில் சேரும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி இட்டாலும் இனிப்பு இனிப்பே. அறுவைச் சிகிச்சைக்குமுன் ஒன்றும் பருகலாகாது என்று சொல்லப்பட்ட நேரத்தில், ‘பால் கலக்காததுதானே’ என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், செவிலியரைக் கேளுங்கள்.

வார்டில் நோயாளியின் அருகே இரவு விழித்திருக்கும் உறவினருக்காக உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் புட்டியில் பானம் கொண்டுவருவோரைக் காண்கிறோம். பேருந்தில் ஒரு மணி நேர வெயில் பால் திரியப் போதுமானது. பனிக்கட்டியிட்ட பிளாஸ்கில் சாற்றை மட்டும் கொண்டுவாருங்கள். பாலை இங்கே கலந்துகொள்ளலாம்.

பெரியவர் நிறுத்திய இரண்டாம் நாளே படபடப்பு அடங்கிற்று. சிகிச்சை முடிந்தபின், காலை பத்து மணிக்கு 60 மில்லி சாற்றில் பால் கலந்து அருந்த இசைவு கொடுத்தோம். அளக்க மருந்துப் புட்டியின் மூடியைப் பயன்படுத்துகிறாராம். இன்றும் அவர் அதைக் காப்பி என்று சொல்வதில்லை. ‘அந்தக் குளிர்ச்சி’ என்றுதான் சொல்கிறார். நாங்களும் இப்போதெல்லாம் காப்பி குடிப்பதுண்டா என்று கேட்டதோடு நிற்காமல், குளிர்ச்சியாக என்ன குடிக்கிறீர்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம்.