வீதிகளில் இருக்கிறது மதுரைக் கோட்டை

மதுரையில் கோட்டையைத் தேடுகிறவர்கள் பெரியார் பஸ் ஸ்டாண்டு அருகே மிஞ்சியிருக்கும் மேற்குக் கொத்தளத்தையும், மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே உள்ள விட்டவாசலையும் பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லை மட்டும் தேடினால் அவ்வளவுதான் கிடைக்கும். வீதியைக் கவனித்தால் கோட்டையின் சுற்று முழுவதும் புலப்படும். நாயக்கர் காலத்து மதிலும் அகழியும் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் முயற்சியில் மறைந்தன. அவர் கையாண்ட வழி கெட்டிக்காரத்தனமானது. கோட்டை நிலத்தைத் துண்டு போட்டு மக்களிடம் கொடுத்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பது நிலம் பெற்றவர்கள் பாடு. அப்படி விடப்பட்ட நிலத்தில் தெரு போட்டதால், மதில் போன தடத்திலேயே ஊரின் அமைப்பும் நின்றுவிட்டது.

ஆகவே தேடப் போகிறவர்களுக்கு என் யோசனை இது: கோயிலிலிருந்து வெளிவீதி வரை குறுக்காக நடந்து, பெயர்ப் பலகைகளைப் படியுங்கள். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களும் திருவிழாக்களுமாக வரும் வரிசை சட்டென்று அறுந்து, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று வரும். ஒருவர் இடிப்பு வேலையில் நிலம் அளந்தவர், மற்றவர் வேலையை மேற்பார்த்தவர். கோயில் வகுத்த ஊர் முடிந்து, கோட்டை நிலம் தொடங்குவது அங்கேதான். கீழவாசல், தெற்குவாசல் என்று இன்றும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம். அந்த வாசல்கள் இல்லாமல் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது.

பெயரை நம்பி வரலாறு எழுதலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெயர் வழிகாட்டும், சாட்சி சொல்லாது. அதனால்தான் மதுரையை ஆண்ட கான்சாகிபை ஆங்கிலேயர் இந்தக் கோட்டையில் முற்றுகையிட்ட 1763, 64-ஆம் ஆண்டுகளின் வரைபடங்களோடு ஒப்பிட வேண்டும் என்கிறேன். மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் மதிலைத் தாண்டி அவர்களால் நுழைய முடியவில்லை. சொந்த ஆட்களே காட்டிக்கொடுத்த பிறகுதான் கான்சாகிப் பிடிபட்டார். 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். 72 பாளையங்களுக்கு 72 கொத்தளம் என்ற கதையை மட்டும், அழகாக இருக்கிறது என்பதற்காகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நெரிசலிலும் காய்ச்சலிலும் தவித்த ஊருக்கு மதில் போனதே நல்லது, அதை ஏன் இப்போது தேட வேண்டும் என்பது அடுத்த ஆட்சேபம். போனது நல்லதுதான், மதுரைக்காரர்களே பிளாக்பர்னுக்கு நன்றியாக விளக்குத்தூண் நாட்டினார்கள். நான் மதிலைத் திரும்பக் கட்டச் சொல்லவில்லை. ஆனால் வெளிவீதியில் குழாய் பதிக்கத் தோண்டும்போது பழைய கட்டுமானம் தட்டுப்பட்டால், அது எது என்று தெரிந்தவர் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது செங்கல் குப்பையாக லாரியில் போய்விடும். தெரிந்தால் தொல்லியல் துறைக்கு ஒரு போன் போகும், வேலை ஒரு நாள் நிற்கும், படமும் அளவும் எடுக்கப்படும்.