வேஷமே வேண்டுதல்

கேள்வி: ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பேய் வேஷம் போட்டு ஊர் சுற்றுவார்களாமே?
– வாசகர், ஆத்தூர்.

பதில்: ஆமாம். ஆஸ்திரியாவில் டிசம்பர் 5 இரவு, கொம்பும் ஆட்டுத்தோலுமாக ‘கிராம்பஸ்’கள் கிளம்பிப் பிள்ளைகளை மிரட்டுவார்கள். ஆனால் எனக்கு உங்கள் பக்கத்துக் குலசேகரன்பட்டினம் தசராதான் பெரிய அதிசயம். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு, விரதமிருந்து, காப்புக் கட்டியபின் வேஷம்: காளி, ராஜா, குரங்கு, போலீஸ். காளி வேஷத்துக்கு விரதம் இன்னும் கடுமை. முகமெல்லாம் சிவப்புச் சாயம், தலையில் கனத்த கிரீடம், முதுகில் கட்டிய பல கைகள். அந்தப் பாரத்தோடு மேளத்துக்கு ஆடுவார்கள். வசதியுள்ளவரும் பிச்சைக்கார வேஷத்தில் வீடுவீடாகக் கையேந்துவார். கிடைத்த காணிக்கை கோயிலுக்கு. பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். இந்தத் தசராவில் உங்கள் வாசலுக்கு வரும் வேஷக்காரரை வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள்.