சன்னலில் எவ்வளவு வெயில்? படுக்கையறைக்கு ஒரு சிறு சூரிய மின்சாரக் கணக்கு

தஞ்சோங் பகாரின் ‘பினக்கல் அட் டக்ஸ்டன்’ குடியிருப்பில் ஏழு புளோக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 50 மாடி. மொத்தம் 1,848 வீடுகள். வகுத்துப் பாருங்கள்: ஒரு கூரையின் கீழ் 264 வீடுகள் வருகின்றன. தரைவீட்டில் இருப்பவர் தம் கூரையில் சூரியசக்தித் தகடு பதித்துக்கொள்ளலாம். அடுக்குமாடியில் வசிப்பவருக்குச் சொந்தமான வெயில், சன்னல் வழியே உள்ளே வருவது மட்டும்தான்.

அந்த வெயிலைக் கொண்டு உங்கள் படுக்கையறையில் ஒரு விளக்கை எரிய வைக்க முடியுமா? கைப்பேசிக்கு மின்னேற்ற முடியுமா? சேமிப்பில் சுமார் 100 வெள்ளி இருக்கிறது, பள்ளி விடுமுறையும் வருகிறது என்றால் இது நல்ல திட்டம்தான். ஆனால் கடைக்குப் போகும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழாயும் வாளியும்

முதலில் இரண்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். வாட் என்பது மின்சாரம் செலவாகும் வேகம். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் வேகத்தைப் போன்றது. வாட்-மணி என்பது மொத்த அளவு, அதாவது வாளியில் சேர்ந்த தண்ணீர். 5 வாட் விளக்கு மூன்று மணி நேரம் எரிந்தால் 15 வாட்-மணி செலவாகும். இப்படி 1,000 வாட்-மணி சேர்ந்தால் அது ஒரு கிலோவாட்-மணி. மின்கட்டண ரசீதில் நீங்கள் பார்க்கும் அளவு அதுதான்.

இப்போது உங்கள் அறையின் தேவையை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக:

எல்இடி மேசை விளக்கு, 5 வாட், 3 மணி நேரம்: 15 வாட்-மணி.
கைப்பேசியை ஒருமுறை முழுமையாக மின்னேற்ற: சுமார் 20 வாட்-மணி.
மேசைமீது வைக்கும் யுஎஸ்பி விசிறி, 4 வாட், 4 மணி நேரம்: 16 வாட்-மணி.
மடிக்கணினியை ஒருமுறை மின்னேற்ற: 50 முதல் 60 வாட்-மணி.
குளிரூட்டி, 700 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு மணி நேரம்: 700 வாட்-மணி.

பட்டியலின் கடைசி வரியை நினைவில் வைத்திருங்கள். பிறகு அதற்குத் திரும்பி வருவோம்.

வெயில் எவ்வளவு தரும்?

சூரிய மின்கலம் சிலிக்கனால் ஆனது. ஒளி படும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் விடுபட்டு ஒரு திசையில் நகர்கின்றன. ஒளியிலிருந்து மின்சாரம் பிறப்பதை 1839இல் பிரெஞ்சு அறிவியலாளர் எட்மண்ட் பெக்கரல் கண்டார். பயன்படுத்தத்தக்க சிலிக்கன் மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1954இல் உருவாக்கியது. அப்போது அது வாங்கிய ஒளியில் 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல தகடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டுகின்றன.

ஒரு மின்கலம் தருவது அரை வோல்ட்டைச் சற்றுத் தாண்டிய அழுத்தம்தான். அதனால் சிறிய தகடுகளில் பெரும்பாலும் 36 மின்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, 12 வோல்ட் மின்கலனுக்கு ஏற்ற அழுத்தத்தைப் பெறுகிறார்கள்.

‘20 வாட்’ என்று தகட்டின் பின்புறம் எழுதியிருக்கும். ஆய்வுக்கூடத்தில், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியில், 25 டிகிரி வெப்பத்தில் அளந்த எண் அது. சிங்கப்பூரில் ஓர் ஆண்டில் ஒரு சதுர மீட்டர் கூரைமீது விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,580 கிலோவாட்-மணி. நாளொன்றுக்கு இது 4.3 மணி நேர முழு வெயிலுக்குச் சமம். ஆக, 20 வாட் தகடு திறந்த கூரையில் இருந்தால் நாளுக்கு 86 வாட்-மணி தர வேண்டும். வெயிலில் தகடு சூடாகும்போது 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 விழுக்காடு குறையும். அதையும் மின்கலனில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் 65 அல்லது 70 மிஞ்சும்.

ஆனால் உங்களிடம் இருப்பது கூரை அல்ல, சன்னல்.

சன்னலின் திசை

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.3 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியன் ஏறத்தாழ நேர் கிழக்கில் உதித்து, தலைக்குமேல் ஏறி, மேற்கில் இறங்குகிறது. நம் கடிகாரப்படி உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, பகல் ஒரு மணியளவில். வெயில் மிக வலுவாக இருக்கும் அந்த நேரத்தில் சூரியன் கூரைக்கு மேலே இருப்பதால், செங்குத்தான சன்னலுக்குப் பெரிய பயன் இல்லை.

கிழக்குச் சன்னலுக்குக் காலை வெயில் கிடைக்கும், மேற்குச் சன்னலுக்கு மாலை வெயில். பிற்பகல் மழை இங்கு வழக்கம் என்பதால் மேற்குச் சன்னல் சில நாள்களில் வெறுங்கையோடு நிற்கும். வடக்குச் சன்னலுக்கு மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரையும், தெற்குச் சன்னலுக்கு மற்ற மாதங்களிலும் வெயில் சாய்வாக எட்டிப் பார்க்கும். தஞ்சோங் பகாரில் இன்னொரு தடை உண்டு. 290 மீட்டர் உயர குவோகோ டவர் நிற்கும் வட்டாரம் இது. எதிர்க் கட்டடத்தின் நிழல் எந்த மணிக்கு உங்கள் சன்னலை மூடுகிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்தது சன்னல் கம்பி. இது சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் இழப்பு பெரிது. தகட்டின் மின்கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டவை. தோட்டத்துக் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் குழாய் முழுவதிலும் நீரோட்டம் குறைகிறது அல்லவா? அதுபோல ஒரே ஒரு மின்கலத்தின் பாதியைக் கம்பி நிழல் மறைத்தாலும், தகடு முழுவதன் மின்னோட்டமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். நிழல் விழாத இடமாகப் பார்த்துத் தகட்டை வைப்பதும், வெயில் நகரும்போது அதையும் நகர்த்துவதும் பெரிய தகடு வாங்குவதைவிடப் பயன் தரும்.

கண்ணாடி, சாய்வு, நிழல் ஆகிய எல்லாவற்றையும் கழித்த பிறகு, ஓரளவு நல்ல சன்னலில் 20 வாட் தகடு நாளுக்கு 25 வாட்-மணி தந்தால் அது நல்ல விளைச்சல். மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள்: விளக்கு முழுமையாக எரியும், கைப்பேசி பாதி நிறையும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

நான்கு பொருள்கள் போதும். 20 வாட் தகடு, மின்னேற்றக் கட்டுப்படுத்தி, 12.8 வோல்ட் 6 ஆம்பியர்-மணி மின்கலன், 5 ஆம்பியர் உருகி. இவற்றோடு கொஞ்சம் கம்பி. சிம் லிம் டவர் போன்ற மின்னணுக் கடைத்தொகுதிகளில் இவற்றை விசாரிக்கலாம். விலை கடைக்குக் கடை மாறும். நிதானமாகத் தேடினால் 100 வெள்ளியை ஒட்டி முடிக்கலாம்.

மின்கலனின் கொள்ளளவு 12.8 பெருக்கல் 6, அதாவது ஏறத்தாழ 77 வாட்-மணி. மூன்று நாள் விளைச்சலைச் சேர்த்து வைக்கும். இரண்டு நாள் மழை பெய்தாலும் விளக்கு எரியும். கட்டுப்படுத்தியில் யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கையும் விசிறியையும் அதிலேயே செருகலாம். 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் வேண்டாம். அது சும்மா இருக்கும்போதே உங்கள் சிறு சேமிப்பைத் தின்றுவிடும்.

இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் மின்கலனைக் கட்டுப்படுத்தியோடு இணையுங்கள், அதன்பின் தகட்டை. கழற்றும்போது தகட்டை முதலில் கழற்றுங்கள். உருகி, மின்கலனின் நேர்முனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

பாதுகாப்பில் சமரசம் இல்லை

படுக்கையறை என்பது நீங்கள் தூங்கும் இடம். மின்கலன் விஷயத்தில் ஐந்து வெள்ளி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். தனிநபர் நடமாட்டச் சாதனங்களின் மின்கலன்கள் தீப்பற்றி வீடுகள் எரிந்த பிறகுதான், 2020 ஜூலை முதல் தீப் பாதுகாப்புத் தரச்சான்று இல்லாத அத்தகைய சாதனங்களை ஓட்ட இங்கு தடை வந்தது.

லித்தியம் வகைகளில் இரும்பு பாஸ்பேட் மின்கலன் வெப்பத்தை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். பாதுகாப்புச் சுற்று உள்ளே பொருத்தப்பட்டதை வாங்குங்கள். கட்டுப்படுத்தியும் அந்த வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்தெடுத்த மின்கலங்களை ஒட்டிச் சேர்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். மின்கலனை வெயில் படும் சன்னல் விளிம்பிலோ கட்டிலுக்கு அடியிலோ வைக்காதீர்கள். வீங்கினால் உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். வீட்டுக் குப்பையோடு போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

தகடு சன்னலுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். வீவக அனுமதியின்றி வெளிச்சுவரில் எதையும் பொருத்தக் கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் இரண்டு கிலோ தகடு ஓர் உயிரைப் பறித்துவிடும். ஜெர்மனியில் 800 வாட் வரையிலான மாடத் தகடுகளை வீட்டு மின்செருகியில் நேரடியாக இணைக்க விதிகள் உண்டு. அதைக் காணொளியில் பார்த்துவிட்டு இங்கே செய்து பார்க்காதீர்கள். உங்கள் சிறு அமைப்பு வீட்டு மின்கம்பியைத் தொடாமல் தனியாகவே இருக்கட்டும். வேலையைத் தொடங்கும் முன் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

பணம் மிச்சமாகுமா?

நாளுக்கு 25 வாட்-மணி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கிலோவாட்-மணி. ஒன்றுக்கு 30 காசு என்று வைத்தால் 2 வெள்ளி 70 காசு. போட்ட 100 வெள்ளி திரும்ப 37 ஆண்டுகள் ஆகும். அதற்குள் மின்கலன் பலமுறை மாற வேண்டியிருக்கும்.

இப்போது குளிரூட்டிக்கு வருவோம். அதை இரவில் ஒரு மணி நேரம் முன்னதாக அணைத்தால் மிச்சமாவது 700 வாட்-மணி. உங்கள் தகடு 28 நாள் வெயிலில் நின்று சேர்ப்பது அவ்வளவுதான். ஆண்டு முழுவதும் இப்படிச் செய்தால் 255 கிலோவாட்-மணி, அதாவது 76 வெள்ளி மிச்சம். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஒரு கிலோவாட்-மணிக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. தகடு தடுப்பது ஆண்டுக்கு 4 கிலோவுக்கும் குறைவு. குளிரூட்டியின் பொத்தான் தடுப்பது 100 கிலோ.

அப்படியானால் தகடு வீணா? இல்லை. 25 வாட்-மணியைச் சேர்க்க எவ்வளவு வெயில் தேவை என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு, 700 என்ற எண் வெறும் எண்ணாக இருக்காது. நாட்டின் சிக்கலும் உங்கள் சன்னலின் சிக்கலும் ஒன்றுதான்: வெயில் உண்டு, இடம் இல்லை. அதனால்தான் 2014இல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் வீவக கூரைகள் தகடுகளால் நிரம்புகின்றன. அத்தகைய புளோக்கில் பகலில் மின்தூக்கியும் தண்ணீர் பம்பும் ஓட அந்த மின்சாரம் உதவுகிறது. 2021இல் தெங்கே நீர்த்தேக்கத்தில் 45 ஹெக்டர் பரப்பில் 122,000 தகடுகளை மிதக்கவிட்டதும் அதே காரணத்தால்தான்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

காசு செலவழிக்கும் முன், ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, மணிக்கு ஒருமுறை உங்கள் சன்னலைப் பாருங்கள். நேரடி வெயில், கம்பி நிழல், முழு நிழல் என்று மூன்று பத்திகளில் குறித்துக்கொள்ளுங்கள். நேரடி வெயில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் தகடு வாங்க வேண்டாம். அந்த 100 வெள்ளி உங்களிடமே இருக்கட்டும்.

தகடு வாங்கியவர்கள் ஒரு மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, தகட்டின் இரு முனைகளுக்கிடையே மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். புளோக்கின் கீழே திறந்த வெயிலில் ஒருமுறை, சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒருமுறை, கம்பி நிழலில் ஒருமுறை. இந்தச் சோதனை தகட்டுக்கு மட்டும்தான். மின்கலனில் ஒருபோதும் செய்யக் கூடாது. மூன்று எண்களையும் அருகருகே எழுதினால், உங்கள் சன்னலுக்கு வந்துசேரும் வெயில் எவ்வளவு என்பது உங்கள் கையெழுத்திலேயே கிடைத்துவிடும்.