தொடர் காட்டும் தெளிவு

நுழையும்முன்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எனினும், கற்றோர் முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளை நோக்கி உரிய சொல்லைத் தெளிந்தனர். ஐயத்திற்குரிய குறிகையை அதன் அண்டைக் குறிகைகளைக் கொண்டு தெளியும் அறிவைக் கணினியின் வன்தட்டும் பெற்றுள்ளது.

பதிவும் மயக்கமும்

வன்தட்டில் 0, 1 என்னும் இரும எண்கள் காந்தத் திசைகளாகப் பதிகின்றன. திசை மாறும் இடந்தோறும் படிப்புமுனை ஒரு துடிப்பைப் பெறுகிறது. குறுந்தகட்டில் பதிவுகள் நுண்பள்ளங்களாக அமைகின்றன. அவற்றுள் மிகச் சிறியதன் நீளம் சுமார் 0.8 மைக்ரோமீட்டர், அதைப் படிக்கும் லேசர் ஒளிப்புள்ளியோ அதனினும் அகன்றது. பதிவுகள் நெருங்க நெருங்க, இருவகையிலும் அண்டைக் குறிகைகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. அவற்றுடன் இரைச்சலும் சேர்கிறது.

ஒன்றா, பலவா?

காந்தத்திற்குத் திசைகள் இரண்டே. ஒருமுறை மாறிய திசை மீண்டும் மாறினால் பழைய திசைக்கே திரும்பும். ஆதலின், துடிப்புகள் நேர், எதிர் என மாறிமாறியே வரும். இரைச்சலற்ற நிலையில் அவற்றின் மதிப்புகள் +1, −1 எனவும், துடிப்பில்லா இடம் 0 எனவும் கொள்வோம்.

ஓர் எதிர்த்துடிப்பிற்குப்பின் 0.9, 0.6, −1 என்னும் மதிப்புகள் கிடைக்கின்றன. 0.5ஐ எல்லையாகக் கொண்டு தனித்தனியே நோக்கினால் முதலிரண்டும் +1 ஆகும். ஆனால், நேர்த்துடிப்புகள் இரண்டு அடுத்தடுத்து வாரா. எனவே, இயலக்கூடிய தொடர்களோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். +1, 0, −1 என்னும் தொடருக்குக் கூட்டுத்தொகை 0.37, 0, +1, −1 என்பதற்கு 0.97, பிற தொடர்களுக்கு இன்னும் மிகுதி. ஆகவே, முதல் தொடரே ஏற்கப்படுகிறது.

தொடர் நீள நீள ஒப்பிட வேண்டியவை பெருகும். 1967இல் ஆண்ட்ரூ விட்டெர்பி வெளியிட்ட வழிமுறை இச்சுமையைக் குறைத்தது. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு நிலையை வந்தடையும் வழிகளுள் சிறந்த ஒன்றை மட்டும் நிறுத்தி, ஏனையவற்றை அது நீக்குகிறது. தொலைத்தொடர்புக்கென உருவான இவ்வழிமுறையை 1990இல் ஐ.பி.எம். நிறுவனம் வன்தட்டில் பயன்படுத்தியது.

பாவனையாக்கம்

ஒரு கண்டறிமுறையைச் சில்லாக வார்க்கும் முன்னர், அதைக் கணினியில் பாவனையாக்கம் செய்து சோதிப்பர். தற்போக்கில் இரும எண்களை உருவாக்கி, குறிகைகளாக மாற்றி, இரைச்சலைக் கலந்து, கண்டறிமுறையிடம் அளிப்பர். அது தரும் விடையை முதலில் உருவாக்கிய எண்களோடு ஒப்பிட்டுப் பிழைகளை எண்ணுவர்.

இங்குப் பொறுமை இன்றியமையாதது. பத்து இலட்சம் எண்களுக்கு ஒரு பிழை நேரும் முறையைப் பத்து இலட்சம் எண்களால் சோதித்தால், ஒரு பிழையும் தென்படாமற்போகலாம். அதனாலேயே அதனைப் பிழையற்றது எனக் கூறலாகாது. சராசரியாக நூறு பிழைகளைக் காணவே பத்துக் கோடி எண்கள் வேண்டும். கலக்கும் இரைச்சலும் உண்மைத் தட்டின் இரைச்சலை ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல், கணினியில் வென்ற முறை தட்டில் தோற்கும்.

மருத்துவக் குறிப்பும் நிலப்பதிவும் இன்று காந்தத் திசைகளாய் உறைகின்றன. அவற்றின் நம்பகம், பிழையைத் தேடிக் காணும் இத்தகைய சோதனையையும் சார்ந்துள்ளது.