தனி முயலுக்குத் துணை சேர்ப்பது எப்படி?

பிள்ளைகள் கேட்டார்கள் என்று சந்தையில் ஒரு முயல் வாங்கி வந்து, ஆட்டுக் கொட்டகையின் ஓரத்தில் கூண்டு செய்து விட்டுவிடும் வீடுகள் கிராமங்களில் பல உண்டு. லீவு நாட்களில் பிள்ளைகள் கூண்டை விட்டு நகர மாட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் முயல் தனித்துப் போகும். மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், கம்பியைக் கடிக்கும், தீவனத்தில் நாட்டம் குறையும். "ஜோடி இல்லாமல் ஏங்குகிறது" என்று வீட்டுக்காரர் அடுத்த சந்தையில் இன்னொன்றை வாங்கி வந்து அதே கூண்டில் விடுவார். மறுநாள் விடிந்து பார்த்தால் காது கிழிந்து, உடம்பெல்லாம் பல் பட்ட காயத்தோடு ஒன்று கிடக்கும்.

துணை வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த இனம். ஒன்றையொன்று நக்கிக்கொண்டு, உடம்போடு உடம்பு ஒட்டிப் படுப்பது அதன் இயல்பு. ஆனால் தன் வளைக்குள் அன்னிய முயல் நுழைந்தால் விரட்டிக் கடிப்பதும் அதே இயல்புதான். பழைய முயலுக்குக் கூண்டுதான் வளை. எனவே எந்த முயலைச் சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது என்ற இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

எது ஏற்ற ஜோடி?

வளர்ந்த இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் வைக்கவே கூடாது. விரையைக் கடித்துக் குதறும் அளவுக்குச் சண்டை முற்றும். ஆணும் பெண்ணும் ஒத்துப்போகும். ஆனால் குட்டிகள் பெருகும். சினைக்காலம் 30 முதல் 32 நாட்கள்தான். ஒரு ஈற்றுக்கு 6 முதல் 8 குட்டிகள் வரை ஈனும். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கவும் கூடும். இப்படி ஓய்வில்லாமல் ஈனும் தாய் எலும்பும் தோலுமாகிப் போகும். ஆகவே ஆணுக்குக் கால்நடை மருத்துவரிடம் விரை நீக்கம் செய்து, பெண்ணோடு சேர்ப்பதே மிகச் சிறந்த ஏற்பாடு. பெண்ணுக்கும் கருப்பையை எடுத்துவிட்டால் பிற்காலத்தில் அங்கு வரும் புற்றுநோயும் தவிர்க்கப்படும். விரை நீக்கிய ஆணை உடனே பெண்ணோடு விட்டுவிடக் கூடாது. 6 வாரம் வரை அதற்குச் சினைப்படுத்தும் திறன் இருக்கும்.

இந்த அறுவைக்கு வசதியில்லாத ஊர்களில், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் குட்டிகளைச் சேர்த்தே வாங்கிவிடுவது எளிது. அவையும் 4, 5 மாதத்தில் பருவத்துக்கு வரும்போது முறைத்துக்கொள்ளலாம். அதனால் இன்னொரு கூண்டு கையில் இருக்கட்டும். சிறு குட்டியில் ஆண், பெண் கண்டுபிடிப்பது கடினம். வியாபாரி சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மூன்றாம் மாதத்தில் மீண்டும் புரட்டிப் பார்த்தால் ஆணுக்கு விரை தெரியும்.

ஆடு மேய்க்கும் பையன்கள் பிடித்து வரும் காட்டு முயலைத் துணையாக விடலாமா என்று சிலர் நினைப்பதுண்டு. அது வேறு இனம். வீட்டு முயலோடு சேராது, கூண்டில் பயந்தே செத்துப்போகும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் குற்றம். சீமைப் பெருச்சாளி எனப்படும் கினி எலியும் ஏற்றதல்ல. அதன் தீவனத் தேவை வேறு. முயலிடம் தீங்கின்றித் தங்கும் கிருமி அதற்கு நுரையீரல் நோயைத் தந்துவிடும்.

சேர்க்கும் முறை

புதிதாக வந்த முயலை முதல் 14 நாட்கள் தனி இடத்தில் வைக்க வேண்டும். மூக்கொழுகல், காதுச் சொறி, கழிச்சல் ஆகியவை இருந்தால் இந்த நாட்களில் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். பழைய முயலுக்குத் தீவனம் வைத்த பிறகே புதியதிடம் போக வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பிறகு இரண்டு கூண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். நடுவே மூன்று விரல் இடைவெளி அவசியம். ஒட்டி வைத்தால் கம்பி வழியாகவே கடித்துக்கொள்ளும். அந்தப் பக்கமாகவே இரண்டுக்கும் புல் வைக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை படுக்கை வைக்கோலைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் ஒன்றின் வாடை மற்றொன்றுக்குப் பழகிவிடும். இரண்டும் கம்பியோரம் அருகருகே படுக்கத் தொடங்கினால் வேலை பாதி முடிந்தது.

முதல் சந்திப்பு இரண்டுக்குமே புதிதான ஓர் இடத்தில் நடக்க வேண்டும். திண்ணையோ, தட்டி கட்டிய களமோ போதும். கொஞ்சம் கீரையைத் தூவிவிட்டு 10 நிமிடம் மட்டும் விட வேண்டும். லேசாகத் துரத்துவது, மேலே ஏறுவது சகஜம். காதைப் பின்னுக்கு மடித்து, வட்டமிட்டு, மயிர் பறக்கக் கடித்தால் உடனே ஒரு துண்டைப் போட்டுப் பிரித்துவிட வேண்டும். வெறுங்கையை நுழைத்தால் கைதான் கிழியும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டி, ஒன்றையொன்று நக்கிப் படுத்த பிறகு, கழுவிக் காயவைத்த கூண்டில் இரண்டையும் சேர்க்கலாம். சில ஜோடி ஒரு வாரத்தில் ஒத்துவிடும், சிலவற்றுக்கு இரண்டு மாதம் ஆகும். இதில் அவசரப்படுவதுதான் பெரும்பாலான சாவுக்குக் காரணம்.

உடல் நலம்

முயலின் பல் ஆயுள் முழுதும் வளரும். புல்லை அரைத்து அரைத்துத் தின்றால்தான் தேயும். பசும்புல்லும் காய்ந்த புல்லும் எந்நேரமும் இருக்க வேண்டும். வேலிமசால், குதிரைமசால், கல்யாண முருங்கைத் தழை அளவாகக் கொடுக்கலாம். தவிடும் பிண்ணாக்கும் தினம் ஒரு சிறு கைப்பிடி போதும். சோறும் ரொட்டியும் வேண்டவே வேண்டாம். மெத்தென்ற கொத்துப் புழுக்கையை முயல் தன் வாயாலேயே எடுத்துத் தின்பதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய சத்து அதில்தான் இருக்கிறது. பயப்பட வேண்டியது புழுக்கை நின்றுபோனால்தான். அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் குடல் நின்றுவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் மிச்சமிருந்த அமாக்சிசிலின், ஆம்பிசிலின் மருந்தை உடைத்து வாயில் கொடுப்பது முயலைக் கொல்லும். குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, கழிச்சல் கண்டு செத்துவிடும். நாய் உண்ணிக்குத் தெளிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் அப்படியே. சொறிக்கு மருத்துவர் போடும் ஊசி மலிவானது, போதுமானது.

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இனங்கள் வளர்க்கப்படுகின்றன. அந்தக் குளிருக்குப் பழகிய முயலைச் சமவெளியில் தகரக் கூரைக்கடியில் வைத்தால் சித்திரை வெயில் தாங்காது. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு வெளியேறும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். கூரைமேல் தென்னங்கீற்று, பக்கத்தில் நனைத்த சாக்கு, மண்பானைத் தண்ணீர் இவை வேண்டும். மூச்சு வாங்கிக் கிடந்தால் காதை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் முக்கக் கூடாது. கம்பித் தரையில் ஒரு பலகை போட்டால் உள்ளங்காலில் புண் வராது. தூக்கும்போது காதைப் பிடிக்காமல், பின்பாகத்தைத் தாங்கியே தூக்க வேண்டும். உதறினால் முதுகெலும்பு முறிந்துவிடும்.

ஜோடியில் ஒன்று இறந்தால் உடனே புதைத்துவிடாமல், தொற்று நோய் இல்லை என்று தெரிந்தால், சற்று நேரம் மற்றதன் பக்கத்தில் விட்டு வைக்கலாம். அது முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். அடுத்த சில நாட்கள் அது தின்னும் புல்லையும் போடும் புழுக்கையையும் காலையிலும் மாலையிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது வழக்கம்போலத் தின்னத் தொடங்கிய பிறகே அடுத்த துணையைத் தேடிச் சந்தைக்குப் போகலாம்.