விடுதிச் சோறும் ஐபோனும்

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறேன். விடுதிச் சாப்பாடு மோசம். எங்கள் தட்டைப் பற்றி வெளியே யாருக்காவது கவலை உண்டா?

பதில்: 2021 டிசம்பரில் உங்கள் பக்கத்திலேயே அதற்குப் பதில் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண்கள், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டார்கள். 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை நின்றது, ஆப்பிள் அதைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரி 12 வாக்கில்தான் மறுபடி திறந்தார்கள். சீனாவுக்கு மாற்றாக இந்தியாவைப் பார்க்கும் உலகம், அந்தச் சோற்றுப் பானையையும் எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண்களை நான் மனதார வணங்குகிறேன்.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்க 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இடமிருந்தது. உங்கள் விடுதிச் சமையல் பற்றியோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், நாலு பேராகச் சேர்ந்து.